நாள்தோறும் இரு ஆட்டுக்குட்டிகள்: பனூ இஸ்ராயீலின் அன்றாடக் குர்பானி

 

குர்பானி என்றதும் நம் நினைவுக்கு வருவது துல்ஹஜ் பிறை பத்து. ஆண்டில் ஒருமுறை வரும் கடமை அது. ஆனால் அல்லாஹ் ஒவ்வொரு சமுதாயத்திற்கும் பலியிடும் ஒரு வழிபாட்டு முறையை ஏற்படுத்தினான் என்று திருக்குர்ஆனின் ஸூரத்துல் ஹஜ் (22:34) அறிவிக்கிறது. நமக்கு முன்னர் வேதம் அருளப்பெற்ற பனூ இஸ்ராயீல் மக்களுக்கு இருந்த முறை என்ன? அவர்கள் ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் பலியிட்டு ஓய்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு நாளும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, நூற்றாண்டுக் கணக்கில் பலியிட்டு வந்தவர்கள். அந்த வழிபாடு எப்படி நடந்தது, அதன் பொருள் என்ன, அது நின்றபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அறிவது நம் இபாதத்துகளைச் சீர்தூக்கிப் பார்க்கப் பெரிதும் துணைசெய்யும். யூதர்களைப் பற்றி இன்றைய அரசியல் செய்திகளின் வாயிலாக மட்டுமே அறிந்திருக்கும் நம் இளைஞர்கள், மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகிய நபிமார்களின் சமுதாயம் வழிபட்ட முறையையும் நேர்மையாக அறிந்துகொள்வது அவசியம்.

கட்டளையும் அளவும்

இன்றுள்ள தவ்ராத் ஏடுகளில் யாத்திராகமம் 29ஆம் அதிகாரத்திலும் எண்ணாகமம் 28ஆம் அதிகாரத்திலும் இந்தக் கட்டளை காணப்படுகிறது. ஒரு வயதுக்குட்பட்ட, குறையற்ற இரண்டு ஆண் ஆட்டுக்குட்டிகள் நாள்தோறும் வேண்டும். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றைப் பொழுது சாயும் வேளையிலும் பலியிட வேண்டும். ஒவ்வொரு குட்டியுடனும் ஏறத்தாழ 2 லிட்டர் மெல்லிய மாவு, ஏறத்தாழ 1 லிட்டர் ஒலிவ எண்ணெய், அதே அளவு திராட்சை ரசம் ஆகியவையும் படைக்கப்பட்டன. ஸப்த் எனும் சனிக்கிழமையில் மேலும் இரண்டு குட்டிகள். கணக்கிட்டால், ஆண்டுக்கு 700க்கும் மேற்பட்ட குட்டிகள் இந்த ஒரு வழிபாட்டிற்கு மட்டும் செலவாயின.

எபிரேய மொழியில் இதற்குத் 'தாமீத்' என்று பெயர். இடைவிடாதது, தொடர்ந்து நடப்பது என்று பொருள். பொதுவாகப் பலிக்கு அம்மொழியில் வழங்கும் சொல் 'கோர்பான்' என்பதாகும். நாம் கூறும் 'குர்பான்' என்ற அரபுச் சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. 'நெருக்கம்' என்பதே அவ்வேரின் பொருள். மாலை வேளைப் பலியுடன் தொடர்புடைய 'மின்ஹா' என்ற சொல்லும் அன்பளிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லின் உறவினதே. ஆகவே பலி என்பது இறைவனுக்கு உணவூட்டுவது அன்று. அடியான் தன் இறைவனை நெருங்குவதற்கான வழி என்ற உண்மை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

மற்றொரு செய்தியையும் கவனியுங்கள். இந்தக் குட்டிகளின் இறைச்சியை எவரும் உண்ணவில்லை. தோல் மட்டும் பலியிடும் மதகுருவுக்கு உரியது. மற்றவை முழுவதும் பலிபீட நெருப்பில் எரிக்கப்பட்டன. நெருப்பு உண்ணும் பலியைக் கொண்டுவரும் தூதரையே நம்புவோம் என்று யூதர்கள் சிலர் கூறியதை ஆலு இம்ரான் ஸூரா (3:183) எடுத்துரைக்கிறதல்லவா? அந்தச் சொல்லின் பின்னணியில் இந்த நீண்ட மரபு இருப்பதை இங்கு உணரலாம். நம் குர்பானியிலோ இறைச்சியை நாமும் உண்கிறோம், உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடுகிறோம். அது இந்த உம்மத்திற்கு அல்லாஹ் செய்த பேரருள்.

ஒரு நாள் விடியல்

பைத்துல் முகத்தஸில் இருந்த இரண்டாம் ஆலயத்தில் இவ்வழிபாடு நடந்த முறையை, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா எனும் யூத நூல் விரிவாகப் பதிவு செய்துள்ளது. அதில் இதற்கென்றே ஒரு தனி நூற்பகுதி உண்டு.

மதகுருமார்கள் ஆலயத்திலேயே இரவு தங்குவர். விடியுமுன் எழுந்து குளித்துத் தூய்மை பெற்றுக் காத்திருப்பர். பணிகள் சீட்டுக் குலுக்கி ஒப்படைக்கப்படும். முதற்பணி, முந்தைய நாளின் சாம்பலை அள்ளி அகற்றுவது. பின்னர் ஒருவர் உயரமான இடத்தில் ஏறி நின்று, கிழக்கு வெளுத்துவிட்டதா என்று பார்ப்பார். இப்ராஹீம் (அலை) அடக்கமாகியுள்ள ஹெப்ரோன் திசைவரை வெளிச்சம் பரவிவிட்டது என்று அறிந்த பின்னரே பலி தொடங்கும்.

ஆட்டுக்குட்டிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. முன்னரே சோதிக்கப்பட்ட ஆறு குட்டிகளேனும் எந்நேரமும் அங்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். முந்தைய மாலையிலேயே சோதித்திருந்தாலும் பந்த வெளிச்சத்தில் மீண்டும் ஒருமுறை குட்டியைச் சோதிப்பர். அறுப்பதற்கு முன் அதற்குப் பொற்கிண்ணத்தில் தண்ணீர் காட்டுவர். கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கப்படும் பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கத்தை இங்கு நினைத்துப் பாருங்கள்.

மேச்சேரி ஆடுகளின் பெயர் தெரியாதவர் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இல்லை. ஜலகண்டாபுரத்திலிருந்து மேச்சேரி தொலைவில் இல்லை. அருகே பொட்டனேரியில் அவ்வினத்திற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பட்டியில் குறையற்ற ஒரு கிடாக்குட்டியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு உன்னிப்பான வேலை என்பதை இங்குள்ள ஆட்டுக்காரர்கள் நன்கறிவர். கண், காது, கால், பல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதனை ஆண்டில் ஒருநாள் செய்யவே நாம் அலுத்துக்கொள்கிறோம். அவர்களோ ஒவ்வொரு நாளும் செய்தார்கள்.

பலிக்கு இடையே மதகுருமார்கள் ஓரிடத்தில் கூடிப் பத்துக் கட்டளைகளையும், இறைவன் ஒருவனே என்று முழங்கும் ஏகத்துவச் சான்றையும் ஓதுவர். பின்னர் நறுமணப் புகை எழுப்பப்படும். இறுதியில் எக்காளங்கள் ஒலிக்க, லேவியர் எனப்படும் ஆலய ஊழியர்கள் அந்தந்த நாளுக்குரிய சங்கீதத்தை ஓதுவர். மக்கள் பணிந்து ஸஜ்தாவில் விழுவர். ஆக, அந்தப் பலி வெறும் அறுப்பாக நிற்கவில்லை. ஏகத்துவப் பறைசாற்றலும் ஸஜ்தாவும் அதனோடு பிணைந்திருந்தன.

யாருடைய பலி அது?

அன்றாடப் பலி ஒரு தனி மனிதரின் நேர்ச்சை அன்று. முழுச் சமுதாயத்தின் பலி. இருபது வயது நிறைந்த ஒவ்வோர் ஆணும் ஆண்டுதோறும் அரை ஷெக்கேல் வெள்ளி செலுத்த வேண்டும். செல்வந்தர் அதற்கு மேல் கொடுக்கலாகாது, ஏழை அதற்குக் குறைக்கலாகாது என்பது விதி. பாபிலோனிலிருந்தும் எகிப்திலிருந்தும் ரோமிலிருந்தும் கூட இந்த வெள்ளி வந்து சேர்ந்தது. அந்தப் பொது நிதியிலிருந்தே குட்டிகள் வாங்கப்பட்டன.

இதில் அவர்களுக்குள் ஒரு சர்ச்சையும் எழுந்தது. வசதி படைத்த ஒருவர் தம் சொந்தச் செலவில் அன்றாடப் பலியைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றது ஒரு பிரிவு. கூடாது, இது அனைவரின் பணத்திலிருந்தே வரவேண்டும் என்று உறுதியாக மறுத்தனர் பரிசேயர் பிரிவினர். அவர்களின் கருத்தே பின்னாளில் நிலைபெற்றது. கோடீஸ்வரரின் வெள்ளியும் கூலிக்காரரின் வெள்ளியும் ஒரே பெட்டியில் கலந்த பிறகு, இன்றைய குட்டி எவருடையது என்று எவராலும் உரிமை கொண்டாட முடியாதல்லவா?

பலியிடப்படும்போது அதன் உரிமையாளர் அருகில் நிற்க வேண்டும். உரிமையாளர் முழுச் சமுதாயம் எனில், அத்தனை பேரும் எப்படி நிற்பது? அதற்காக மக்களை 24 பிரிவுகளாகப் பிரித்தனர். வாரத்திற்கு ஒரு பிரிவு வீதம் அவர்களின் பிரதிநிதிகள் ஆலயத்தில் பலியருகே நிற்பர். அந்தப் பிரிவில் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் சும்மா இருப்பதில்லை; தம் ஊரில் ஒன்றுகூடி, இறைவன் வானங்களையும் பூமியையும் படைத்த வரலாற்றை ஓதுவர். பலி நடப்பதோ ஜெருசலேமில்; அதில் கலந்துகொள்வதோ எங்கோ ஒரு சிற்றூரின் நெசவாளரும் உழவரும்! அரஃபாவில் ஹாஜிகள் நிற்கும் நாளில் ஊரிலிருக்கும் நாம் நோன்பு நோற்று அவர்களோடு உள்ளத்தால் இணைகிறோமே, அதனை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் மகனைப் பலியிடக் கிடத்திய நிகழ்வோடும் யூத அறிஞர்கள் இந்த அன்றாடப் பலியை இணைத்துப் பேசினர். குட்டியின் முன்காலையும் பின்காலையும் சேர்த்துப் பிடிக்கும் முறைக்கு அந்நிகழ்வின் பெயரையே வழங்கினர். அம்மகன் இஸ்ஹாக் (அலை) என்பது அவர்களின் கூற்று. இஸ்மாயீல் (அலை) என்பதே நம் அறிஞர்களில் மிகப் பெரும்பாலோரின் முடிவு. எவ்வாறாயினும், இரு சமுதாயங்களின் குர்பானியும் கலீலுல்லாஹ்வின் தியாகத்தை நோக்கியே செல்கின்றன.

சடங்கு மட்டும் எஞ்சியபோது

வாசகர்களே! இனிச் சொல்லப்போவது கவனத்திற்குரியது. யூதர்களே தம் நூல்களில் மறைக்காமல் எழுதி வைத்த செய்தி இது.

தொடக்கத்தில் சாம்பல் அள்ளும் பணிக்குச் சீட்டு முறை இல்லை. பலர் விரும்பினால், பலிபீடத்தின் சாய்தளத்தில் ஓட வேண்டும், முந்தியவருக்குப் பணி. அப்படி ஓடிய இருவரில் ஒருவர் மற்றவரைத் தள்ள, விழுந்தவரின் கால் முறிந்தது. அதன் பின்னரே சீட்டு முறை கொண்டுவரப்பட்டதாக மிஷ்னா கூறுகிறது. தல்மூத் இதனினும் கொடிய மற்றொரு நிகழ்வைச் சொல்கிறது. பந்தயத்தில் தோற்றவர் கத்தியை எடுத்து முந்தியவரின் நெஞ்சில் குத்திவிட்டார். மக்கள் கதறி அழுதனர். குத்துண்டவரின் தந்தை ஓடிவந்தார். தம் மகன் துடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் சொன்னது என்ன தெரியுமா? மகனின் உயிர் இன்னும் பிரியவில்லை, ஆகவே கத்தி தீட்டுப்படவில்லை என்றாராம்! மனித இரத்தம் சிந்துவதைவிடப் பாத்திரத்தின் தூய்மை அவர்களுக்குப் பெரிதாகிவிட்டது என்று அந்நூலே வருந்துகிறது.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்களின் வேத ஏடுகளில் இந்த எச்சரிக்கை எழுந்திருந்தது. ஏசாயா, ஆமோஸ், மீகா ஆகியோரின் பெயரால் வழங்கும் ஏடுகள், அநாதையையும் விதவையையும் நசுக்கிவிட்டுப் பலிபீடத்திற்கு வருவோரைக் கடுமையாகக் கண்டிக்கின்றன. பலியைத் தவறென்று அவை சொல்லவில்லை. நீதியற்றவன் தரும் பலியை இறைவன் ஏற்பதில்லை என்கின்றன. குர்பானியின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாவே அவனைச் சென்றடைகிறது என்ற கருத்தை நம் திருமறை (22:37) தெள்ளத் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆதமின் இரு மைந்தர்களில் ஒருவரின் குர்பானி ஏற்கப்பட்டு மற்றவரின் குர்பானி மறுக்கப்பட்டதற்கும் தக்வாவே காரணம் என்பதை அல்மாயிதா (5:27) கூறுகிறது.

நின்றுபோன நாள்

வரலாற்றில் இப்பலி மும்முறை பேரிடரைச் சந்தித்தது. கி.மு. 586 அளவில் பாபிலோனிய மன்னன் புக்த்நஸ்ஸர் ஆலயத்தை இடித்தபோது முதன்முறை. சிறையிலிருந்து திரும்பிய மக்கள், ஆலயத்திற்கு அடித்தளம் இடுவதற்கு முன்பே பலிபீடத்தை மட்டும் எழுப்பி அன்றாடப் பலியைத் தொடங்கினர் என்று எஸ்றாவின் ஏடு கூறுகிறது. கி.மு. 167இல் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் அதனைத் தடைசெய்து, ஆலயத்தில் சிலை வழிபாட்டைப் புகுத்தினான். மூன்று ஆண்டுகள் போராடிய பின்னர் கி.மு. 164இல் யூதா மக்காபி அதனை மீட்டெடுத்தார்.

மூன்றாவது இடர் கி.பி. 70இல் நேர்ந்தது. ரோமானியத் தளபதி தீத்து நகரை முற்றுகையிட்டிருந்தார். பசியால் மக்கள் மடிந்துகொண்டிருந்த நிலையிலும் காலைப் பலியும் மாலைப் பலியும் நடந்துவந்தன. தம்மூஸ் மாதம் 17ஆம் நாள், பலி நிறைவேற்ற ஆளின்றி அது நின்றது என்று அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஆலயம் தீக்கிரையானது. பலிக்காக மக்கள் செலுத்திவந்த வெள்ளியை ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் ரோமிலுள்ள ஜூபிடர் கோயிலுக்கு வரியாகத் திருப்பிவிட்டார். ஏகனான இறைவனுக்கென்று கொடுத்த காசு சிலைக்குப் போனது! இன்றளவும் யூதர்கள் அந்தத் தம்மூஸ் 17ஆம் நாளில் நோன்பிருந்து துக்கம் காக்கின்றனர்.

இனிப் பாவமன்னிப்புக்கு வழியென்ன? இடிபாடுகளைக் கண்டு யோசுவா என்ற அறிஞர் இவ்வாறு கலங்கி அழுதாராம். அவருடைய ஆசிரியர் யோஹனான் பின் ஸக்காய், வருந்தாதே, அதற்கு ஈடான பரிகாரம் ஒன்று நம்மிடம் உண்டு, அது மக்களுக்குச் செய்யும் நற்செயல் என்று தேற்றியதாக அவர்களின் நூல்கள் கூறுகின்றன. பலி வேளைகளுக்கு ஈடாகக் காலைத் தொழுகையும் பிற்பகல் தொழுகையும் நிலைபெற்றன. பிற்பகல் தொழுகைக்கு இன்றும் 'மின்ஹா' என்றே பெயர்.

பிற்காலத்தில், எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் வாழ்ந்த யூத அறிஞர் மூஸா பின் மைமூன் (1138–1204) தமது 'தலாலத்துல் ஹாயிரீன்' என்ற நூலில் பலியின் நோக்கத்தை ஆராய்ந்தார். அவர் ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அரசவையோடு தொடர்புடைய மருத்துவர். நூலை எழுதியது அரபு மொழியில். அக்கால மக்கள் சிலைகளுக்குப் பலியிட்டுப் பழகியிருந்தனர். அப்பழக்கத்தை ஏக இறைவனை நோக்கித் திருப்பவே பலி விதிக்கப்பட்டது, தொழுகையும் பிரார்த்தனையும் அதனினும் இலட்சியத்திற்கு நெருக்கமானவை என்பது அவர் கருத்து. ஸ்பெயினைச் சேர்ந்த நஹ்மானிதஸ் இதனைக் கடுமையாக மறுத்து, பலிக்குத் தனிச் சிறப்பு உண்டென்று வாதிட்டார். விவாதம் அவர்களிடையே இன்னும் முடிந்தபாடில்லை.

நம் நாட்டில் அதன் சுவடு

இந்த வரலாறு நமக்கு வெகு தொலைவானது என்று எண்ணிவிடாதீர்கள். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் யூதர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தனர். கி.பி. 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு எழுத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் ஒரே ஏட்டில் உள்ளன. கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்கள் ஜெருசலேம் இருக்கும் மேற்குத் திசை நோக்கித் தொழுதனர். பலிபீடம் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை. ஆனால் காலைத் தொழுகையில் அன்றாடப் பலியின் கட்டளையை ஓதுவது அவர்களின் மரபு. பலியிட முடியாதவர்கள் அதன் சட்டத்தை ஓதியாவது அந்த நினைவைக் காத்தனர். அவர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்களின் விதி. மட்டாஞ்சேரியில் எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே; வெளியூர்ப் பயணிகள் வந்தால்தான் அந்த எண்ணிக்கை நிறைவுறும். கட்டடம் அழகாக நிற்கிறது, தொழுவதற்குத்தான் ஆளில்லை.

மராட்டியத்தின் கொங்கணக் கடற்கரையில் 'பெனே இஸ்ரேல்' என்ற யூதர்கள் செக்காட்டி எண்ணெய் விற்றுப் பிழைத்தனர். சனிக்கிழமை செக்கை ஓட்டாததால் 'சனிவார் தேலி' என்று ஊரார் அவர்களை அழைத்தனர். நன்றி செலுத்த வேண்டிய வேளைகளில் அவர்கள் அவலும் சர்க்கரையும் பழங்களும் சேர்த்த தட்டு ஒன்றை வைத்து, இல்யாஸ் (அலை) அவர்களை நினைவுகூர்ந்து ஓதுவர். அதற்குப் பெயர் 'மலீதா'. நம்மவர் பலரின் வீடுகளிலும் அறியப்பட்ட பெயரல்லவா அது? பண்டைய மாவுப் படையலின் நினைவு அதில் எஞ்சியிருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

நமக்கான படிப்பினை

அருமைச் சகோதர சகோதரிகளே! இந்த வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை நாம் நம் வீட்டிற்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

முதலாவது, தொடர்ச்சி. குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். தறிக்காரர்கள் நிறைந்த ஜலகண்டாபுரத்து மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அதனை அப்போதே முடிய வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் குறை துணி முழுவதும் நீளும். ரமளானில் நிரம்பும் பள்ளிவாசல் ஷவ்வாலில் வெறிச்சோடுவது இழை அறுந்ததன் அடையாளம்.

இரண்டாவது, நம் காலையும் மாலையும். பஜ்ரிலும் அஸ்ரிலும் வானவர்கள் ஒன்றுகூடுகின்றனர் என்றும், அவ்விரு குளிர்ந்த நேரத் தொழுகைகளைப் பேணியவர் சுவனம் புகுவார் என்றும் நபிமொழிகள் உண்டு. முன்னிருந்தோர் அவ்விரு வேளைகளிலும் ஒரு குட்டியைத் தேடி, சோதித்து, அறுத்து, எரித்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவதோ சில நிமிடங்கள். ஜும்ஆவுக்கு முதல் வேளையில் வருபவர் ஓர் ஒட்டகத்தைக் குர்பானி கொடுத்தவர் போன்றவர். பிறகு வருபவர் மாடு, அடுத்தவர் ஆட்டுக்கடா, அடுத்தவர் கோழி, இறுதியில் வருபவர் முட்டை கொடுத்தவர் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் தரம் பிரித்தார்கள். இமாம் மிம்பரில் ஏறியதும் வானவர்கள் ஏட்டை மூடிவிடுகின்றனர். சென்ற வெள்ளியன்று நாம் கொடுத்தது ஒட்டகமா, முட்டையா, அல்லது ஏடு மூடிய பின் வந்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோம்.

மூன்றாவது, நீதி. கத்தியின் தூய்மையைப் பார்த்து மகனின் இரத்தத்தைப் பாராதுபோன தந்தையின் நிலை நமக்கு வந்துவிடக் கூடாது. கொழுத்த கிடாயைக் குர்பானி கொடுக்கும் வீட்டில் சகோதரிக்குரிய வாரிசுப் பங்கு நிலுவையில் இருக்கலாமா? முதல் ஸஃப்பில் நிற்பவர் தம்மிடம் வேலை செய்தவரின் கூலியைப் பிடித்து வைக்கலாமா? நபிமார்கள் பலர் தோன்றிய சமுதாயத்திடமிருந்தே பலிபீடம் எடுக்கப்பட்டது எனில், நம் நிலை என்ன? அவர்களின் குறையைப் பேசி மகிழ்வதற்காக அல்லாஹ் அவர்களின் வரலாற்றை நமக்குச் சொல்லவில்லை. நம்மைத் திருத்திக்கொள்வதற்காகவே சொன்னான்.

இன்று மாலை அஸ்ருக்குப் பாங்கு ஒலிக்கும்போது, நெருங்கி வருவதற்கான அழைப்பு அது என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். சிறிய அமலாயினும் இடைவிடாது செய்யும் உறுதியையும், அதனை ஏற்கச் செய்யும் தக்வாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.